நாலு, மூணு, ஒண்ணு, ரெண்டு

ஏப்ரல் 3, புதன்

பையை மாட்டிவிட்டு உட்கார்ந்தால் அரை மணி நேரம் எனக்கு வேலை கிடையாது. துளசிமணியின் வயிற்றுக்குள் காலையிலிருந்து கிடந்த தண்ணீர், டியூப் வழியாக இறங்கித் தரையில் கிடக்கும் காலிப் பைக்கு வரவேண்டும். அது முடிந்ததும் மேலே கொக்கியில் தொங்கும் புதுத் தண்ணீர் உள்ளே போகவேண்டும். அவளுடைய இரண்டு கிட்னியும் கைவிட்ட வேலையை இந்தத் தண்ணீர் செய்கிறது. ஒரு நாளைக்கு நாலு தடவை. மாற்றிவிடுவது நான்.

எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது என்று குறிக்க ஜெனிலா சிஸ்டர் ஒரு கட்டம்போட்ட நோட்டு கொடுத்திருக்கிறார். தடவைக்கு ஒரு வரி. முப்பத்தாறு வருடம் ரயில்வே கேபினில் தண்டவாளம் திருப்பும் லீவர்மேனாக நின்று, வந்த வண்டி போன வண்டிக்கெல்லாம் நிமிடம் எழுதிய கை இது. ஒரு வரியில் அடங்கமாட்டேன் என்கிறது. அதனால் இந்த டைரி.

எட்டு மாதம் ஆஸ்பத்திரி மெஷினில் போட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் பிரஷர் இறங்கி அவள் கண் சொருகிவிடும். கை நரம்பு இரண்டு தடவை அடைத்துக்கொண்டது. “இனி இந்த வயித்து வழி ஒண்ணுதான் மிச்சம்” என்றார் டாக்டர். டியூப் வழியாகக் கிருமி மட்டும் போய்விடக் கூடாது. போய்த் தங்கிவிட்டால் டியூபை எடுத்துவிடுவார்கள். எடுத்துவிட்டால் வேறு வழி இல்லை. இதை அவர் துளசியை வைத்துக்கொண்டேதான் சொன்னார். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

இப்போது மணி பதினொன்று இருபது. ஜன்னல் வெயில் பைக்குள் இறங்கி, தண்ணீர் இளமஞ்சளாக மினுங்குகிறது. துளசி அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனாள். எனக்கும் கண்ணைக் கட்டுகிறது.

ஏப்ரல் 5, வெள்ளி

சிஸ்டர் கொடுத்த தாள் இங்கிலீஷில் இருக்கிறது. தமிழ்த் தாள் தீர்ந்துவிட்டதாம், அடுத்த வாரம் கொண்டுவருகிறேன் என்று சொல்லி மூன்று வாரம் ஆயிற்று. பரவாயில்லை. ஆஸ்பத்திரியிலேயே பத்து நாள் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்துவிட்டார். ஆனால் அங்கே ஏசி அறை. நம் வீட்டுக்கென்று இருக்கிற சங்கதிகளெல்லாம் தாளில்தான் இருக்கின்றன.

எனக்கு இங்கிலீஷ் வார்த்தைகள் தெரியும். ரயில்வேக்காரனுக்குத் தெரியாமல் இருக்குமா? வாக்கியம்தான் சண்டை போடும். முக்கியமாக ஏழாவது வாக்கியம். “பிஃபோர் யூ ஓப்பன் த கேப், வாஷ் யுவர் ஹேண்ட்ஸ், பட் ஒன்லி ஆஃப்டர் யூ ஹேவ் புட் ஆன் த மாஸ்க் அண்ட் ஸ்விட்ச்டு ஆஃப் த ஃபேன்.” வாய்விட்டுப் படித்தேன். நாலு வேலை இருக்கிறது. முதலில் நிற்பது டியூப் மூடியைத் திறப்பது. அடுத்தது கை கழுவுவது. பிறகு மாஸ்க். கடைசியில் ஃபேன். அப்படியே செய்தால் விளங்கினமாதிரிதான்.

பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிஃபோர் ஒட்டிக்கொண்டிருக்கிற வேலை கடைசிக்குப் போகும். ஆஃப்டர் ஒட்டிக்கொண்டிருப்பது முன்னால் வரும். ஹேவ் என்று ஒரு வார்த்தை கூடவே நின்றால் அது ஏற்கெனவே முடிந்துபோன காரியம். இப்படி ஒவ்வொன்றாகப் பிரித்து, அந்தந்த வேலையின் தலைக்கு மேல் எண் போட்டேன். இடமிருந்து வலமாக வந்தது இதுதான்: நாலு, மூணு, ஒண்ணு, ரெண்டு.

துளசி எட்டிப் பார்த்தாள். “இதென்னங்க, பஸ் நம்பராட்ட?”

“இங்கிலீஷ்காரன் கடைசி வண்டிய மொதல்ல அனுப்பறான் புள்ள. நான் அதைப் புடிச்சு வரிசைல நிறுத்தறன்.”

“நம்ம பாசைல எப்பிடி வரும்?”

“மாஸ்க்கப் போட்டு, ஃபேன நிறுத்தி, கையக் கழுவி, மூடியத் தொறக்கோணும்.”

“அது நேராத்தான் இருக்குது” என்றாள். அதன் பிறகு அந்த நாலு எண்ணையும் ரொம்ப நேரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவள் இங்கிலீஷ் படித்ததில்லை, ஆனால் எண் எந்தப் பாஷையிலும் படிப்பாள்.

ஏப்ரல் 6, சனி

ஃபேன் சுவிட்சுக்கு எண்ணெய் விட்டேன். பழைய கறுப்பு சுவிட்ச். அப்படியும் இறுக்கம் போகவில்லை. விரலைக் கொடுத்து அழுத்தினால்தான் விழுகிறது.

ஏப்ரல் 9, செவ்வாய்

வெளியே வந்த தண்ணீர் தெளிவாக இருக்கிறதா என்று தடவைதோறும் பார்க்கவேண்டும். அச்சடித்த தாள் மேல் பையை வைத்தால் எழுத்து தெரியவேண்டும் என்பது சிஸ்டர் சொன்ன கணக்கு. நான் செய்தித்தாளை வைப்பதில்லை. இங்கிலீஷ் தாளையே வைக்கிறேன். படித்தமாதிரியும் ஆயிற்று. பைக்கு அடியில் எழுத்தெல்லாம் பெரிதாகி மெல்ல ஆடுகிறது. ஏழாவது வாக்கியம் குளத்துக்குள் கிடப்பதுபோல இருந்தது. என் பென்சில் எண்கள் அதன் மேலே நீந்தின. துளசி விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். அவளுக்கு இது ஒரு விளையாட்டாகிவிட்டது.

மத்தியானம் அரை மணி நேரத்தில் கண்ணசந்துவிட்டேன். கேபினில் நிற்கிறேன். கீழே வண்டி போகிறது. போன பிறகு கைகாட்டி இறங்குகிறது. கைகாட்டி இறங்கிய பிறகு தண்டவாளம் திரும்புகிறது. கடைசிப் பெட்டியில் துளசி உட்கார்ந்திருக்கிறாள், கல்யாணத்துக்கு முன்னால் பார்த்த அதே கத்திரிப்பூச் சேலையில். வண்டி போய் முடிந்த பிறகு நான் பச்சைக் கொடி காட்டுகிறேன். முழித்தால் பை நிறைந்திருந்தது.

அந்தக் கேபினில் அப்படி நடக்கவே நடக்காது. இருபத்தெட்டு லீவர் அங்கே. தண்டவாளத்தைத் திருப்பி, பூட்டி, அதன் பிறகுதான் கைகாட்டியை இறக்க முடியும். வரிசை மாறி இழுத்தால் லீவர் அசையாது, அடியில் இரும்புப் பட்டைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். மாமன் மச்சான் என்று கெஞ்சினாலும் விடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் சீனியர் சொன்னது இதுதான்: “லீவர் வந்துச்சுன்னா வரிசை செரி. வரலைன்னா நீ தப்பு.” முப்பத்தாறு வருடம் என் தோள் அதை நம்பியது. கை தடைபடாமல் போனால் தப்பு இல்லை என்று.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. கண்ணாடிக்கு முன்னால் பழமும் பூவும் வைத்து, காலையில் முதலில் அதில் கண் விழிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நேற்று சாயங்காலமே துளசியின் கட்டிலுக்கு எதிரில் வைத்துவிட்டேன். காலையில் விழித்தவள் சிரித்தாள். “மொதல்ல எம் மூஞ்சி தெரிஞ்சுது. அப்பறம் மாம்பழம். அதுக்குப் பின்னால உங்க பை தொங்குது” என்றாள். வருஷம் பூராவும் பையில்தான் முழிப்பேன்போல என்றும் சொன்னாள்.

பதினோரு மணிக்கு வெயில் கூரையைப் பிளந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் மாற்றவேண்டும். ஃபேனையும் நிறுத்தவேண்டும், தூசி பறக்கக் கூடாது. கை கழுவ மூன்று நிமிடம், துடைக்க, பிரிக்க, மாட்ட எல்லாம் சேர்ந்து பத்து நிமிடம் அவள் புழுங்கிக் கிடக்கவேண்டும். கழுத்தில் வேர்வை வழிந்து தலையணை நனைந்திருந்தது.

“ஏனுங்க” என்றாள். “நீங்க கை கழுவி முடிக்கற வரைக்கும் சித்த நேரம் ஃபேன் ஓடட்டுமுங்க.”

இத்தனை மாதத்தில் அவள் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். ஊசி குத்தினபோது கேட்கவில்லை. நரம்பு அடைத்தபோது கேட்கவில்லை. எனக்கு நெஞ்சு கரைந்துபோயிற்று.

“செரி, ஓடட்டும்” என்றேன்.

வரிசையில் ஒரு சின்ன மாற்றம், அவ்வளவுதான்.

ஏப்ரல் 16, செவ்வாய்

நன்றாகப் போகிறது. மாஸ்க் போட்டு, கை கழுவி, பிறகு ஃபேனை நிறுத்துகிறேன். முழங்கையால்தான் நிறுத்துகிறேன், கையால் இல்லை. அவளுக்குக் கடைசி வரை காற்று. மூடி லேசாகக் கழன்று வருகிறது. எதுவும் தடுக்கவில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

துளசி இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டாள். வாசல் வரை நடந்தாள். அடுத்த தெரு வேப்பமரத்திலிருந்து பூ உதிர்ந்து எங்கள் படியெல்லாம் கிடந்தது. அதைக் கூட்டவேண்டாம் என்றாள். பாலக்காட்டு வண்டி போகும் சத்தம் கேட்டது. “உங்க வண்டி” என்றாள். நான் ரிட்டயராகி ஒன்பது வருடம் ஆகிறது, இன்னும் எல்லா வண்டியும் என் வண்டிதான் அவளுக்கு.

நாலு மணித் தடவையில் பைக்கு முன்னால் இரண்டு பேரும் தூங்கிவிட்டோம். நான் முதலில் தூங்கினேனா அவளா என்று தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தேன் என்று எழுதிவைக்கிறேன்.

ஏப்ரல் 27, சனி

காலைப் பையைத் தாளின் மேல் வைத்தேன். எழுத்து தெரியவில்லை.

துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தேன். ஜன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். அரிசி கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. ஏழாவது வாக்கியம் இருந்த இடத்தில் வெறும் வெளுப்பு.

“என்னுங்க, ஒண்ணுமே காங்கல?” என்று துளசி கேட்டாள். கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு விடியற்காலையிலிருந்தே வலி இருந்திருக்கிறது. சொல்லவில்லை.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி.

ஏப்ரல் 28, ஞாயிறு

கிருமி போய்விட்டது உள்ளே. டாக்டர் ஐந்து நாள் கெடு சொல்லியிருக்கிறார். தினமும் பைத் தண்ணீரில் மருந்து கலந்து ஏற்றவேண்டும். ஐந்தாம் நாளுக்குள், அதாவது வியாழக்கிழமைக்குள், தண்ணீர் தெளியவேண்டும். தெளியாவிட்டால் டியூபை எடுத்துவிடுவார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மருந்து கலக்க ஜெனிலா சிஸ்டர் தினமும் காலையில் வருவார். புறப்படும்போது வராண்டாவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “அப்பா, இது தோல்ல இருக்கற கிருமி. கை பட்டுத்தான் போயிருக்கு. கை கழுவினதுக்கும் மூடி திறந்ததுக்கும் நடுவுல என்ன தொட்டீங்க?”

“ஒண்ணுமில்லீங்க அம்முணி” என்றேன்.

“நல்லா யோசிங்க. செவ்வாக்கிழமை அந்தத் தாளை எடுத்து வைங்க. வரி வரியாப் பார்ப்போம்.”

ஏப்ரல் 29, திங்கள்

கடைக்குப் போனேன். பால், ஸ்பிரிட், பஞ்சு. ஒரு அழிரப்பர்.

மத்தியானம் துளசிக்குக் காய்ச்சல். நெற்றியில் ஈரத்துணி போட்டேன். கண்ணைத் திறக்காமலே “மடில என்னங்க துகள்?” என்றாள். பார்க்காமல் எப்படித் தெரிந்ததோ தெரியவில்லை. தட்டிவிட்டேன்.

ஏப்ரல் 30, செவ்வாய்

சிஸ்டர் வந்து மருந்து கலந்தார். பிறகு தாளை எடுத்து ஏழாவது வாக்கியத்தில் விரல் வைத்தார். “இதை எப்பிடிப் புரிஞ்சுக்கிட்டீங்க?”

“வாஷ்தானுங்க முன்னால நிக்குது. ஃபேன் கடைசில நிக்குது. அப்பிடித்தான் செஞ்சன். கை கழுவிட்டு ஃபேன நிறுத்தினன்.”

வெளுத்துப்போனார். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “தமிழ்த் தாள் கொண்டுவர்றேன்னு சொன்னது நான்” என்றார். “மறந்தது நான். உங்கமேல தப்பில்லை அப்பா. ரிப்போர்ட்ல அப்பிடித்தான் எழுதணும்.”

இங்கிலீஷ் வாக்கியம் அப்படிப்பட்டது. யாராக இருந்தாலும் குழம்பத்தான் செய்யும். நான் குழம்பியதில் ஆச்சரியம் இல்லை.

துளசி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்கவில்லை என்று முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

மே 1, புதன்

இன்றும் வெளுப்பு. நேற்றைவிடக் கொஞ்சம் குறைவு என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றுவதை நோட்டில் எழுதக் கூடாது, இங்கே எழுதலாம்.

கண்ணை மூடினால் கேபின். இருபத்தெட்டு லீவரையும் இழுக்கிறேன். எல்லாம் வெண்ணெய் மாதிரி வருகின்றன. எந்த வரிசையில் இழுத்தாலும் வருகின்றன. கீழே தண்டவாளங்கள் தங்கள் பாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கின்றன. பயத்தில் நான் கத்துகிறேன், யாராவது பிடியுங்கள் என்று. அடியில் போய்ப் பார்த்தால் இரும்புப் பட்டையே இல்லை. வெறும் தண்ணீர்.

மே 2, வியாழன்

கெடு நாள். காலைப் பை இறங்கி முடிய முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் ஜன்னல் கம்பியைப் பார்த்தேன்.

தாளின் மேல் வைத்தோம். தலைப்பு எழுத்துகள் தெரிந்தன. உள்ளே இருக்கும் சின்ன எழுத்துகள் பனிமூட்டத்தில் நிற்பதுபோல மங்கலாக இருந்தன. சிஸ்டர் ஒரு சின்னக் குழாயில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். மத்தியானம் போனில் சொன்னார்: “குறையுது அப்பா. டாக்டர் நாளைக்கு ஒரு நாள் பார்க்கலாம்னார்.”

போனை வைப்பதற்கு முன் இன்னொன்றும் சொன்னார். திங்கட்கிழமையிலிருந்து வேறு சிஸ்டர் வருவாராம். ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு இவரை வீட்டு விசிட்டிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். “வார்டுல போட்டுட்டாங்க. பரவால்ல. நான் செஞ்ச தப்புதானே” என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. இத்தனை நாளும் வந்து போனதில் அவர் சாதாரணமாகப் பேசினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

துளசியிடம் சொன்னேன். “ஓ” என்றாள். சாப்பிடவில்லை.

மே 3, வெள்ளி

சிஸ்டர் காலையில் சீக்கிரம் வந்து மருந்து கலந்துவிட்டுப் போய்விட்டார். பதினோரு மணிப் பையை நானும் துளசியும்தான் பார்த்தோம்.

தெளிந்திருந்தது. வெயில் முழுக்க உள்ளே நின்றது. பையைத் தாளின் மேல் வைத்தேன். எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. பிஃபோர் வந்தது. வாஷ் வந்தது. எனக்குக் கண் நிறைந்து எல்லாம் மறுபடியும் மங்கியது. என் துளசி இருப்பாள், டியூப் இருக்கும் என்று நினைத்தேன், வேறு எதையும் நினைக்கவில்லை.

அவள் எழுந்து உட்கார்ந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். விரலைப் பையின் மேல் வைத்தாள். ஒவ்வொரு இடமாக நகர்த்தினாள்.

“நாலு” என்றாள். “மூணு. ஒண்ணு. ரெண்டு.”

அழித்தது அழிந்துதான் இருந்தது. ஆனால் அன்றைக்கு அழுத்தி எழுதியிருக்கிறேன். தாளில் பள்ளம் விழுந்திருக்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாது. தெளிந்த தண்ணீருக்கு அடியில் பெரிதாகி, ஓரத்தில் வெயில் விழுந்து, நாலு எண்ணும் நின்றன.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அந்தப் புள்ள ஏனுங்க வார்டுக்குப் போகோணும்?” என்று மட்டும் கேட்டாள்.

“சொன்னா, புரிஞ்சே தப்புப் பண்ணற வீடுன்னு எழுதுவாங்க. டியூப எடுத்துருவாங்க துளசி.”

“எடுத்தா எடுக்கட்டுமுங்க. அந்தப் புள்ள தலைல ஏறி உக்காந்துட்டு எனக்கு உசுரு வேண்டாம்.”

படுத்துக்கொண்டாள். நான் அந்தப் பையைக் கொட்டப் போகவில்லை. சாயங்காலம் வரை தாளின் மேலேயே கிடந்தது.

மே 4, சனி

ரயில்வேயில் ஏதாவது நடந்துவிட்டால் ஸ்டேட்மென்ட் எழுதச் சொல்வார்கள். காலையில் ஒரு தாள் எடுத்து எழுத உட்கார்ந்தேன். முதலில் இங்கிலீஷில் எழுதிப் பார்த்தேன், ஆபீசுக்குப் போகும் தாளாயிற்றே என்று. எழுத எழுத எனக்கே சௌகரியமாக இருந்தது. பிஃபோரையும் ஆஃப்டரையும் எங்கே வைத்தாலும் உட்கார்ந்துகொள்கின்றன. எதை முன்னால் நிறுத்தலாம், எதைப் பின்னால் ஒளிக்கலாம் என்று கை தானாக இடம் தேடியது. கிழித்துப்போட்டேன்.

தமிழில் எழுதினேன். கை செய்த வரிசையிலேயே வந்து விழுந்தது. “மாஸ்க் போட்டு, ஃபேனை ஓடவிட்டு, கை கழுவி, துடைத்து, விரலால் அழுத்தி ஃபேனை நிறுத்தி, அதே விரலால் மூடியைத் திறந்தேன். வரிசை தெரிந்தே செய்தேன். பிறகு தாளில் இருந்த எண்ணை அழித்து, சிஸ்டரிடம் பொய் சொன்னேன்.”

முழங்கை என்று இந்த டைரியில் எழுதியிருக்கிறேன். முதல் தடவை முழங்கையால் முயன்றது உண்மை. விழவில்லை. அதற்குப் பிறகு பதிமூன்று நாளும் விரல்தான்.

சிஸ்டர் வந்ததும் கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். அவர் முகம் சிவந்ததை இன்றுதான் பார்த்தேன்.

“புரியாம செஞ்சிருந்தா தாளை மாத்தலாம் அப்பா” என்றார். “புரிஞ்சே செஞ்சா நான் எதை மாத்தறது? சொல்லுங்க.”

நான் ஃபேன் சுவிட்சைப் பார்த்தேன்.

“எதுக்கு அப்பிடிச் செஞ்சீங்க?”

“எனக்கு வேர்த்துதுங்க. நான்தான்...”

“அவரு பொய் சொல்றாருங்க” என்று கட்டிலிலிருந்து துளசி சொன்னாள். “நான் கேட்டனுங்க. காத்து வேணும்னு நான்தான் கேட்டன். அதையும் அதுல எழுதிக்கங்க.”

எழுதிய ஸ்டேட்மென்டில் அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டிருந்தேன். சிஸ்டர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து தலையைக் கையில் பிடித்துக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

“இதை நான் டாக்டர்கிட்டக் கொடுக்கணும்” என்றார். “என்ன முடிவு பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியாது.”

“குடுங்க” என்றேன்.

மே 6, திங்கள்

தண்ணீர் தெளிவு. புதுசாக வந்த சிஸ்டர் பேசவே மாட்டேன் என்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து எந்தத் தகவலும் இல்லை.

எதை மாத்தறது என்று கேட்டாரே, அது காதைவிட்டுப் போகவில்லை. ஒரு பலகை வாங்கிவந்தேன். உப்புத்தாள், இழைப்புளி பக்கத்து வீட்டில் இரவல்.

மே 7, செவ்வாய்

பலகை. தகவல் இல்லை. துளசி கேட்டாள், “என்னங்க, எனக்குப் பொட்டியா?” கையிலிருந்த சுத்தியலை வைத்துவிட்டேன். அவளே சிரித்து என்னையும் சிரிக்கவைத்தாள்.

மே 11, சனி

மூன்றரை மணிக்கு ஜெனிலா சிஸ்டர் வந்தார். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. வீட்டு விசிட் திரும்பக் கொடுத்துவிட்டார்களாம். டியூப் இருக்கட்டும் என்றாராம் டாக்டர். இரண்டு வாரம் ஒவ்வொரு நாளும் ஒரு தடவை நான் மாற்றுவதை இவர் கூடவே நின்று பார்க்கவேண்டும். அதற்குள் ஒரு தடவை வரிசை தவறினாலும் இந்த வீட்டில் தொடர முடியாது. “என்னை நம்பித்தான் சொல்லியிருக்காங்க” என்றார். “உங்களை நம்பி இல்ல.”

“என்னை நம்ப வேண்டாமுங்க. இதை நம்புங்க” என்று சுவரைக் காட்டினேன்.

சோப்புப் புட்டியை ஒரு சின்ன மரக்கூட்டுக்குள் வைத்து, ஃபேன் சுவிட்சுக்குப் பக்கத்தில் அடித்திருக்கிறேன். இரண்டுக்கும் மேலாக ஒரே பலகை, காடிப் பள்ளத்தில் இப்படியும் அப்படியும் நகரும். அது ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மூடும். சோப்பு வேண்டுமென்றால் பலகையைச் சுவிட்ச் பக்கம் தள்ளவேண்டும். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால் சுவிட்சின் மூக்கு பலகையில் இடித்து நிறுத்திவிடும். ஃபேனை நிறுத்தினால்தான் பலகை போகும். போன பிறகு சுவிட்ச் பலகைக்கு அடியில், கழுவின கை நினைத்தாலும் தொட முடியாது.

சிஸ்டர் ஃபேனை ஓடவிட்டுப் பலகையைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. இரண்டு கையாலும் தள்ளினார். “அடப்பாவி மனுஷா” என்றார். பிறகு கொண்டுவந்திருந்த தமிழ்த் தாளைச் சுவரில் ஒட்டினார். அவரே கையால் எழுதியிருக்கிறார். பழைய இங்கிலீஷ் தாளைக் கேட்டார். நான் தரவில்லை. பைக்கு அடியில் வைக்க அதுதான் வேண்டும்.

நாலு மணித் தடவை. சிஸ்டர் நாற்காலியில் இருந்தார். ஜன்னல்கள் சாத்தியாயிற்று. வெயில் காலையைவிட மோசம். மாஸ்க் போட்டுக்கொண்டு சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. துளசியின் காதோர முடி அதில் பறந்துகொண்டிருந்தது. நிறுத்தினால் அது விழுந்துவிடும். கை எழவில்லை எனக்கு.

“என்னங்க பாத்துட்டு நிக்கறீங்க? நிறுத்துங்க.”

“வேர்க்குமே புள்ள.”

“வேர்க்கட்டுமுங்க” என்றாள் துளசி. “இருந்தாத்தானுங்க வேர்க்கும்.”

ஃபேனை நிறுத்தி, பலகையைத் தள்ளி, கை கழுவி, துடைத்து, மூடியைத் திறந்து, பையை மாட்டி, பழையது இறங்கி, புதியது ஏறி, புது மூடி போட்டு, பலகையைத் திரும்பத் தள்ளி, ஃபேனைப் போட்டேன். சிஸ்டர் நோட்டில் ஒரு வரி எழுதினார். துளசி தூங்கிவிட்டாள்.